அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனித உரிமைகளுக்கும் அரசியல் சித்தாந்தங்களுக்கும் உள்ள தொடர்பு பற்றித் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வெளியான கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வந்த வாசகர் கடிதங்களையும் யாங்கோனில் இருந்தபடி கைப்பேசியில் படித்தேன். மனித உரிமை என்பதே மேற்கு நாட்டுத் தாராளவாதிகளின் சித்தாந்தம்தான், வர்க்கத்தையும் தேசத்தையும் கழித்துவிட்டால் வெறும் 'மனிதன்' என்று எவனும் மிஞ்சமாட்டான் என்பது கட்டுரையாளரின் வாதம். அதை மறுத்து எழுதியவர்களில் பெரும்பாலோர், மனித உரிமை எல்லாச் சித்தாந்தங்களுக்கும் மேலே இருப்பது, அதில் அரசியலைக் கலக்கவே கூடாது என்று எழுதியிருந்தார்கள். இரு தரப்பாரும் சித்தாந்தத்தைப் பெரும்பாலும் நூல்களில் சந்தித்தவர்கள் என்று தோன்றியது. கம்பிச் சாளரத்துக்கு அப்பால் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும் எழுத்தரின் முகமாக அதை நான்கு ஆட்சிகளில் சந்தித்தவன் என்ற முறையில், எழுபது வயதைக் கடந்த பர்மியத் தமிழனாகிய நானும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

முதலில் கட்டுரையாளருக்கு. 1948 டிசம்பர் 10 அன்று பாரிஸில் உலக மனித உரிமைப் பிரகடனம் வாக்குக்கு விடப்பட்டபோது 48 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்து எந்த நாடும் வாக்களிக்கவில்லை, 8 நாடுகள் எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கின. அந்த எட்டில் ஆறு, சோவியத் யூனியன் முதலான பொதுவுடைமை அரசுகள். ஏழாவது சவூதி அரேபியா. எட்டாவது, அந்த ஆண்டுதான் நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்திருந்த தென்னாப்பிரிக்கா. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க விரும்பாத மூன்று சித்தாந்தங்கள் அன்று ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தன. ஆதரித்த 48 நாடுகளில் பர்மாவும் ஒன்று. அப்போது அது விடுதலை பெற்றுப் பதினொரு மாதங்களே ஆகியிருந்தன. பிரகடனத்தை எழுதியவர்களில் சீனத்தின் பி. சி. சாங் இருந்தார், லெபனானின் சார்ல்ஸ் மாலிக் இருந்தார். முதல் பிரிவில் 'ஆண்கள் அனைவரும்' என்றும் பொருள்கொள்ள இடந்தந்த ஆங்கிலத் தொடரை 'மனிதர் அனைவரும்' என்று மாற்ற வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. இவ்வளவு பேர் கைபட்ட சரக்கை மேற்கத்திய இறக்குமதி என்று முத்திரை குத்துவது எளிது. ஆனால் எங்கள் நாட்டுத் தளபதிகளும் பல பத்தாண்டுகளாக அதே முத்திரையைத்தான் குத்தி வந்திருக்கிறார்கள் என்பதைக் கட்டுரையாளர் மனத்தில் கொள்ள வேண்டும்.

அதற்காக இடதுசாரிகளின் முறையீட்டில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 1930-இல் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியபோது, கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கைவசம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு; அடுத்த எட்டு ஆண்டுகளில் அது 25 பங்காயிற்று. அடமானம் மூழ்கி நிலம் வட்டிக்கடைக்குப் போனது; அதை உழுத பர்மிய விவசாயி சொந்த வயலிலேயே குத்தகைக்காரனாக நின்றான். இதை நம்மவர்கள் பெருமையாக மட்டுமே பேசுவது எனக்கு என்றும் ஒப்பியதில்லை. உழுதவனுக்கு நிலம் வேண்டும் என்பது சித்தாந்தமாகவும் இருக்கலாம், உரிமையாகவும் இருக்கலாம்; அன்றைய ஐராவதி டெல்டாவில் அது இரண்டுமாகவே இருந்தது. விபரீதம் அதற்குப் பிறகுதான் நேர்ந்தது. நிலத்தைப் பிடித்து வைத்திருந்தவர் என்ற கணக்கில், லேவாதேவிக்காரர் மட்டுமல்லாமல், கப்பலில் மூட்டை இறக்கியவரும், துணி வெளுத்தவரும், ஆலையில் நெல் அளந்தவரும், வேட்டி கட்டிய எவரும் சேர்க்கப்பட்டார்கள். வர்க்கத்தின் பெயரால் தொடங்கிய கணக்கு இனத்தின் பெயரால் முடிந்தது.

1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். ஏப்ரல் இறுதியில் 'சோஷலிசத்துக்குப் பர்மிய வழி' என்னும் கொள்கை அறிவிப்பு வெளியாயிற்று. அடுத்த ஆண்டு வெளியான ஆளும் கட்சியின் தத்துவ நூலுக்குத் தலைப்பிலேயே 'மனிதன்' என்ற சொல் இருந்தது. 1964 மார்ச்சில் ரங்கூனில் தொடங்கி, அடுத்த சில வாரங்களில் எங்கள் ஊர் போன்ற டெல்டாச் சிற்றூர்களிலும் கடைகள் அரசுடைமையாயின. என் தந்தை வைத்திருந்தது பலசரக்குக் கடை: அரிசி, பருப்பு, நல்லெண்ணெய், கருவாடு, நாப்பி என்னும் மீன் விழுது, சுருட்டு. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். ஓர் அதிகாரியும் இரண்டு சிப்பாய்களும் வந்து, அப்பாவின் தராசிலேயே ஒவ்வொன்றாக எடை போட்டு எழுதிக்கொண்டார்கள். வெல்லப் பானையைத் தூக்கித் தட்டில் வைத்தபோது, பானையின் எடையைக் கழிக்க வேண்டும் என்று அப்பா மெதுவாகச் சொன்னார். அதிகாரி சற்று யோசித்து, சரிதான் என்று கழித்து எழுதினார். கடையையே எடுத்துக்கொள்ள வந்தவர் பானையின் எடையில் காட்டிய அந்த நேர்மை இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை என்று மட்டும் அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இழப்பீட்டுக்கென்று கொடுத்த ரசீது என்னிடம் இப்போதும் இருக்கிறது. இழப்பீடு வரவில்லை. மே 17-ஆம் தேதி 50, 100 ச்யாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததில், கடைக்கு வெளியே அப்பா வைத்திருந்த கொஞ்சநஞ்சமும் போயிற்று.

எதிர்வரிசையில் கடை வைத்திருந்த பர்மியக் குடும்பத்தின் கடையையும் எடுத்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். சித்தாந்தம் அந்த அளவில் பாகுபாடு பார்க்கவில்லை. ஆனால் அதே தெருவில் 'மக்கள் கடை' திறந்தபோது அந்த வீட்டுப் பிள்ளைக்கு அதில் எழுத்தர் வேலை கிடைத்தது, அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. அவரிடம் இருந்தது வெளிநாட்டார் பதிவுச் சீட்டு. மக்கள் கடை மக்களுக்கானது. அப்பா மக்களில் சேர்த்தி இல்லை. நான் இந்தக் கடிதத்தில் சொல்லவருவது இவ்வளவுதான்: எங்கள் நாட்டில் ஆட்சிக்கு வந்த ஒவ்வொரு சித்தாந்தமும் மக்களின் உரிமையைப் பேசியது; பேசத் தொடங்குவதற்கு முன் மக்கள் என்பவர் யார் என்பதைக் கதவைச் சாத்திக்கொண்டு முடிவு செய்துகொண்டது.

என் பெரியப்பா குடும்பம் மறு ஆண்டு கப்பலேறியது. தாலியில் கோத்திருந்த தங்கக் காசுகளைத் துறைமுகத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டு, மஞ்சள் கயிறோடு போனார் பெரியம்மா. அந்த ஆண்டுகளில் வெளியேறிய இந்தியர் மூன்று லட்சம் வரை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உங்கள் சென்னைக் கடற்கரைச் சாலையின் பர்மா பஜாரும், தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் இருக்கும் பர்மா காலனிகளும் அவர்கள் வைத்த பெயர்களே. அரசுக் கோப்புகளில் அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதினார்கள். பெரியப்பா பிறந்தது டெல்டாவில். திரும்புவதற்கு முன் தாயகத்தை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அதே 1964-இல் இலங்கையில் நடந்ததையும் வாசகர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். 1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசியவர்கள் லங்கா சமசமாஜக் கட்சியின் இடதுசாரித் தலைவர்கள். 1964 ஜூனில் அக்கட்சி சிறிமாவோ அம்மையாரின் அரசில் சேர்ந்தது. அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. தோட்டத் தொழிலாளி பாட்டாளி வர்க்கமில்லை என்று எந்தச் சித்தாந்த நூலிலும் எழுதியிருக்கவில்லை. கையெழுத்திட்ட மற்றொருவர் ஜனநாயக இந்தியாவின் பிரதமர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1982 அக்டோபரில் வந்த குடியுரிமைச் சட்டத்தைப் பற்றி உங்கள் பத்திரிகைகளில் ரோஹிங்கியாக்களின் தொடர்பில் மட்டுமே படிக்கிறேன். அது எங்களையும் சேர்த்துக் கட்டிய சட்டம். பர்மிய ஆண்டு 1185-க்கு, அதாவது கிறித்துவ ஆண்டு 1823-க்கு, முன்பிருந்தே இம்மண்ணில் குடியிருந்த இனத்தவரே பிறப்பால் முழுக் குடிமக்கள். ஏன் 1823 என்றால், வெள்ளைக்காரனோடு முதல் போர் தொடங்கியது 1824-இல். அவனுடைய கப்பலில் வந்த எவனும் கணக்கில் சேரக்கூடாது என்பதற்காகப் போட்ட கோடு அது. பின்னர் வகுத்த 135 தேசிய இனங்களின் பட்டியலில் தமிழர் இல்லை, தெலுங்கர் இல்லை, வங்காளியர் இல்லை, சீனரிலும் பெரும்பாலோர் இல்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துக் காத்திருந்தவர் இரண்டாம் தரம். 1948-க்கு முன்பே வந்து வாழ்ந்ததற்குச் சான்று காட்டக்கூடியவரும் அவர் பிள்ளைகளும் மூன்றாம் தரம். முதல் தரத்துக்கு இளஞ்சிவப்பு அட்டை, இரண்டாவதற்கு நீலம், மூன்றாவதற்குப் பச்சை. விடுதலை பெற்ற கையோடு விண்ணப்பிக்க வாய்ப்பு இருந்தபோது எங்கள் பெரியவர்கள் பலர் அதை நழுவவிட்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஊரில் ஒரு கால், இங்கே ஒரு கால் என்று நின்றவர்கள் அவர்கள்; என் தந்தையும் அவர்களில் ஒருவர்.

இந்தத் தரங்களுக்குப் பர்மிய மொழியில் இட்ட பெயர்களைத் தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டும். இரண்டாம் தரத்தாரை ஆங்கிலத்தில் 'இணைக் குடிமகன்' என்று பொருள்படும்படி எழுதுகிறார்கள். பர்மியச் சொல்லோ 'ஏ நைங்ஙான்தா'. 'ஏ' என்றால் விருந்தாளி, விருந்தாளிக் குடிமகன். இரவில் வீட்டில் எவரேனும் வந்து தங்கினால் வார்டு அலுவலகத்தில் எழுதிப் பதிய வேண்டிய 'ஏ சயின்' என்னும் விருந்தாளிப் பட்டியலில் இருப்பதும் இதே 'ஏ'தான். என் போன்ற மூன்றாம் தரத்தாருக்குப் பெயர் 'நைங்ஙான்தா ப்யு க்வின் யா து'. குடிமகனாக ஆக அனுமதி பெற்றவர் என்று அதைத் தமிழாக்கலாம். இதில் வரும் 'க்வின்' என்ற சொல்லே மனித உரிமை என்பதற்கான பர்மியத் தொடராகிய 'லு அக்வின் அயே' என்பதிலும் இருக்கிறது. உரிமை, அனுமதி, வாய்ப்பு, சலுகை எல்லாவற்றுக்கும் அங்கே வேர் ஒன்று. தமிழில் 'உரிமை' என்று சொன்ன மாத்திரத்தில் உரியது, ஒருவனுக்கே சொந்தமானது என்ற பொருள் தானாக வந்துவிடுகிறது. யாரும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டியதில்லை. எந்த மொழியையும் இதற்காக நான் குறை சொல்லமாட்டேன். எந்த மொழியில் பேசினாலும் ஆட்சியாளர் விரும்புவது அனுமதி என்ற பொருளைத்தான். அந்தச் சட்டத்தை விளக்கி நே வின் ஆற்றிய உரையே அதற்குச் சான்று. இவர்களையெல்லாம் துரத்திவிடும் நிலையில் நாம் இல்லை, இரக்கம் காட்டி மன நிம்மதி தர வேண்டும், உழைப்புக்கேற்பச் சம்பாதிக்கும் உரிமையைத் தருவோம், அதற்கு மேல் இல்லை என்ற கருத்துப்பட அவர் பேசினார். கடுமை இல்லாத பேச்சுதான். இரக்கம் காட்டப்படுபவனுக்கு அது எப்படி இருக்கும் என்பது வேறு.

அட்டையை நிறத்தால் மட்டும் அடையாளம் காண்பதில்லை. அடையாள எண்ணின் நடுவே அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் இருக்கும்: முழுக் குடிமகனுக்கு 'நைன்', விருந்தாளிக்கு 'ஏ', எங்களுக்கு 'ப்யு'. வங்கியிலோ பேருந்துச் சீட்டு வாங்குமிடத்திலோ எண்ணைச் சொல்லும்போது அதையும் உரக்கச் சொல்லியாக வேண்டும். 1995-இல் என் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வில் மருத்துவம் படிக்கப் போதுமான மதிப்பெண் பெற்றாள். மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகள் முழுக் குடிமக்களுக்கு மட்டுமே. விண்ணப்பப் படிவத்தை அவளே நிரப்பிக் கொடுத்தாள். எழுத்தர் அடைப்புக்குறி வரை வாசித்தார், பேனாவைக் கீழே வைத்தார், விலங்கியல் இருக்கிறதே என்றார். அவள் விலங்கியல் படித்தாள். அப்போது நாட்டில் சோஷலிசம் இல்லை. 1988-இல் மாணவர் எழுச்சியை நசுக்கிவிட்டு வந்த இராணுவக் குழு தனியார் வணிகத்தையும் அந்நிய முதலீட்டையும் வரவேற்றுக்கொண்டிருந்தது. பொருளாதாரக் கொள்கை தலைகீழாக மாறியும் அந்த ஓர் எழுத்து மாறவில்லை.

பிறகு மக்களாட்சியும் வந்தது. 2015 நவம்பர் தேர்தலில் டோ ஆங் சான் சூ ச்சியின் கட்சி வென்றபோது எங்கள் தெருவில் கொடி கட்டியவர்களில் நானும் ஒருவன். அக்கட்சி அந்தத் தேர்தலில் ஒரு முஸ்லிம் வேட்பாளரைக்கூட நிறுத்தவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். முதலில் வரட்டும், பிறகு சரியாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறு ஆண்டு பேரனுக்கு அட்டை எடுக்க மகள் போனாள். சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி மூன்றாம் தலைமுறையாகிய அவன் முழுக் குடிமகன். அந்தப் பிரிவை நகலெடுத்துக் கொடுத்தும், 'கலப்பு இரத்தம்' என்று தனியாகப் பிரித்த வரிசையில் மூன்று நாள் நிற்க வைத்துவிட்டு, இப்போதைக்குப் பச்சை அட்டை, பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று கொடுத்தனுப்பினார்கள். மேசைக்குப் பின்னால் சுவரில் புதிய தலைவரின் படம் மாட்டியிருந்ததாக மகள் சொன்னாள்.

2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அவர்கள் நாஃப் ஆற்றைக் கடந்துகொண்டிருந்த அதே அக்டோபரில், மியான்மர் அரசு பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இணைந்தது. இந்தத் தற்செயலைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 1966-இல் மனித உரிமை உடன்படிக்கை இரண்டாகப் பிளந்து நிறைவேறியதே சித்தாந்தச் சண்டையால்தான்: பேச்சுரிமை, வாக்குரிமை எல்லாம் ஒரு பக்கம், உணவு, கல்வி, உழைப்பு எல்லாம் இன்னொரு பக்கம்; தங்களுக்கு உகந்ததை முன்னிறுத்தி மற்றதை அமெரிக்க அணியும் சோவியத் அணியும் இரண்டாந்தரமாக நடத்தின. அவை நிறைவேறியபோது ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்தவர் எங்கள் ஊ தாண்ட். அவருடைய சொந்த நாட்டிலிருந்து என் பெரியப்பா போன்றவர்கள் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த இரண்டில் ஒன்றை மட்டும் ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தேர்ந்தெடுத்து எடுத்துக்கொண்டது எங்கள் மக்களாட்சி அரசு. மறு உடன்படிக்கையில் மியான்மர் சேரவில்லை. 2019 டிசம்பரில் ஹேக் நகரில், இனப்படுகொலை வழக்கில் இராணுவத்துக்காக வாதாட நின்றவர், பதினைந்து ஆண்டுகள் அதே இராணுவத்தின் வீட்டுக்காவலில் இருந்த சூ ச்சி அம்மையார்.

அவரை ஏசுவதற்கு முன் நான் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2013 மார்ச்சில் மெய்க்தீலாவில் கலவரம் மூண்டு, முஸ்லிம்களின் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்த செய்தி வந்த மறுநாள் காலை, நான் வழக்கத்தைவிடப் பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு வெளியே போனேன். இந்நாட்டில் இந்தியத் தோற்றமுள்ளவர் எல்லோருக்கும் சேர்த்து வைத்த வசைப்பெயர் 'கலா'. தேநீர்க் கடையில் யாரோ அந்தச் சொல்லைச் சொல்ல, நாங்கள் அந்தக் கலா இல்லை, இந்துக்கள், எங்கள் கோயிலில் புத்தரையும் வைத்திருக்கிறோம் என்று நான் அவசரமாகச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். நான் இழிவுபடுத்தப்படவில்லை என்பதை உறுதி செய்துகொள்ள இன்னொருவனைக் கைகாட்டினேன். அந்த மெய்க்தீலாவில்தான் ஊ ரசாக் பிறந்தார். தந்தை வழியில் இந்தியர், முஸ்லிம், விடுதலைத் தலைவர் ஆங் சானின் அமைச்சரவையில் கல்வி அமைச்சர். 1947 ஜூலை 19 அன்று ஆங் சானோடு சுட்டுக் கொல்லப்பட்டவர். ஆண்டுதோறும் தியாகிகள் நாளில் அரசே அவருக்கும் மலர்வளையம் வைக்கிறது. 1823-க்கு முன் உன் முப்பாட்டன் எங்கே இருந்தான் என்று அந்தக் கல்லறையிடம் யாரும் கேட்பதில்லை.

இனி, மனித உரிமையில் அரசியல் கலக்கக் கூடாது என்று எழுதிய வாசகர்களுக்கு. இவ்வளவையும் படித்துவிட்டு நானும் உங்கள் பக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். பிரகடனத்தின் 15-ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் உரிமை உண்டு என்கிறது. எந்த நாடு தர வேண்டும் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வைப்பது அரசியலன்றி வேறில்லை. உங்கள் அரசியலமைப்பையே பாருங்கள்: 14, 21 ஆகிய பிரிவுகளின் பாதுகாப்பு 'எந்த நபருக்கும்' உண்டு, 15, 16, 19 ஆகியவை குடிமக்களுக்கு மட்டும். 'நபர்' என்ற சொல்லை எங்கே போடுவது, 'குடிமகன்' என்ற சொல்லை எங்கே போடுவது என்பதை அவையில் உட்கார்ந்து வாதாடி முடிவு செய்தவர்களுக்குச் சித்தாந்தம் இல்லாமலா இருந்தது? எங்கள் 2008-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 348-ஆவது பிரிவு இனம், பிறப்பு, சமயம் ஆகியவற்றின் பெயரால் 'எந்தக் குடிமகனுக்கும்' பாகுபாடு காட்டலாகாது என்று அழகாகச் சொல்கிறது. குடிமகன் யார் என்பதை முடிவு செய்யும் சட்டம் இனத்தையும் பிறப்பையும் வைத்துத்தான் முடிவு செய்கிறது. அரசியலை ஒதுக்கிவிட்டு மனித உரிமை பேசிய மேற்கு நாடுகளின் கதையும் எனக்குத் தெரியும்; 2003-இல் அமெரிக்கா எங்கள் நாட்டுச் சரக்குகளுக்குத் தடை விதித்தபோது வேலையிழந்தவர்கள் தளபதிகள் அல்லர், ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்த பல்லாயிரம் பெண்கள்.

ஆகவே சித்தாந்தம் வேண்டாம் என்பதில்லை என் கட்சி. எந்தச் சித்தாந்தத்தைப் பார்த்தாலும் அது முன்னிறுத்தும் மனிதனைப் பார்க்காமல், அது கணக்கில் சேர்க்காமல் விட்டவனைத் தேடிப் போய்ப் பார்க்கிறேன். இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றிய 2021 பிப்ரவரி 1-ஆம் தேதிக்குப் பிறகு அப்படியொரு தேடலை எங்கள் இளைஞர்களிடம் முதன்முறையாகக் கண்டேன். ரோஹிங்கியாக்களிடம் மன்னிப்புக் கேட்டு அட்டைகளை ஏந்தி நின்ற பர்மியப் பிள்ளைகளின் படங்கள் வந்தன. அந்த ஆண்டு ஜூன் 3 அன்று, இராணுவத்தை எதிர்த்து அமைந்த தேசிய ஒற்றுமை அரசு, 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, மியான்மரில் பிறந்தவருக்கும், எங்கே பிறந்தாலும் மியான்மர் குடிமக்களின் பிள்ளைகளுக்கும் குடியுரிமை தருவோம் என்று அறிவித்தது. கையில் அதிகாரம் இல்லாதபோது தந்த வாக்குறுதி அது; அதிகாரம் வந்தபின் அதே சொற்கள் இருக்குமா என்று பார்க்க எனக்கு ஆயுள் இருக்குமோ என்னவோ. ஆனாலும் அந்த அறிக்கையை அச்சிட்டு, அப்பாவின் கடை ரசீதோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

2024 பிப்ரவரியில் இராணுவம் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆண்களில் 18 முதல் 35 வயது வரை. நாற்பது ஆண்டுகளாக நீ இந்நாட்டவனே இல்லை என்று சொல்லி வைத்திருந்த ரோஹிங்கியா இளைஞர்களையும் ரக்கைனில் பிடித்துப் படையில் சேர்த்ததை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. எங்கள் வார்டிலும் வீட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் எழுத வந்தார்கள். பேரனின் பெயரையும் வயதையும் கேட்டார்கள். அடையாள எண்ணைச் சொன்னேன், பழக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் சேர்த்து உரக்கச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, அதெல்லாம் வேண்டியதில்லை தாத்தா என்றார். பேரன் இப்போது எங்கே இருக்கிறான் என்பதை இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை.

இன்று மாலை பெகுவிலிருந்து என் மைத்துனர் வருகிறார்; இரண்டு இரவு தங்குவார். விருந்தாளிப் பட்டியல் பதிவை 2016-இல் நீக்கினார்கள், 2021 பிப்ரவரியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். இருட்டுவதற்குள் வார்டு அலுவலகம் போய் அவர் பெயரை எழுதி முத்திரை வாங்கிவர வேண்டியிருப்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு பர்மியத் தமிழ் வாசகர்,
யாங்கோன்.

(பெயரும் முகவரியும் ஆசிரியருக்கு மட்டும் தனியே தந்திருக்கிறேன், வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)